சுயம்வர மண்டபத்தில் ஒரு கேள்வி: சித்ரா பானர்ஜி திவாகருணியின் புதினத்தில் மணத் தெரிவும் வேட்கையும்

ஆய்வுச் சுருக்கம்

சித்ரா பானர்ஜி திவாகருணி ஆங்கிலத்தில் எழுதி 2008ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி பேலஸ் ஆஃப் இல்யூஷன்ஸ்’ என்னும் புதினம் பாரதக் கதையைப் பாஞ்சாலியின் தன்மைக் கூற்றாக மாற்றிச் சொல்கிறது. பெண்ணுக்குக் குரல் அளித்த மறுவாசிப்பு என்று இது பாராட்டப்படுகிறது. குரல் அளித்த இப்புதினம், மணத்தில் பெண்ணின் தெரிவுரிமையையும் அளித்துள்ளதா என்பதே இக்கட்டுரையின் வினா. சுயம்வரக் காட்சியில் பாஞ்சாலி கர்ணனிடம் கேட்கும் கேள்வியை மையமாகக் கொண்டு, அகத்திணை மரபின் அறத்தொடு நிற்றல், வில்லிபாரதத்தின் பழம் பொருந்து சருக்கம் ஆகிய இரண்டின் துணையோடு அவ்வினா இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுயம்வரம், பாஞ்சாலி, கர்ணன், மிகுபுனைவு, அறத்தொடு நிற்றல், வில்லிபாரதம்

புதினமும் அதன் வகைமையும்

தமிழ் வாசகருக்குப் பாஞ்சாலி என்றவுடன் நினைவில் எழுவது அவைக்களக் காட்சியே. பாரதியின் ‘பாஞ்சாலி சபதம்’ (முதற்பாகம் 1912) அக்காட்சியை நவீனத் தமிழின் பொதுச் சொத்தாக ஆக்கிவிட்டது. திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதக் கூத்தில் ‘வில்வளைப்பு’ ஓர் இரவு முழுவதும் நிகழ்த்தப்பட்டாலும், கற்றோர் இலக்கியத்தில் சபதம் பெற்ற இடத்தைத் திருமணம் பெறவில்லை. விரித்த கூந்தலைப் பற்றி நாம் பேசிய அளவிற்கு அவள் கையிலிருந்த மாலையைப் பற்றிப் பேசியதில்லை.

திவாகருணியின் புதினம் அந்த மாலையிலிருந்து தொடங்குகிறது எனலாம். கொல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் இவ்வாசிரியர், காப்பியத்தின் போர் நிகழ்ச்சிகளைக் கூடச் சுருக்கிவிட்டு, யாரை மணப்பது, மணந்தவர்களோடு எப்படி வாழ்வது, மணக்காதவனை எப்படி மறப்பது என்னும் மூன்று வினாக்களையே கதையின் முதுகெலும்பாக நிறுத்துகிறார். வேள்வித் தீயில் தோன்றியவள். வருவதுரைக்கும் ஆவிகளைச் சந்திப்பவள். சூனியக்காரி ஒருத்தியிடம் பாடம் கேட்பவள். மயன் சமைத்த மாய மாளிகைக்கு அரசி. இவ்வளவும் நடுவில் நிற்க, எட்டாத ஒருவன்மீது வாழ்நாள் முழுதும் நீளும் காதல் ஒன்று கதையை நடத்திச் செல்கிறது. எனவே இதனைத் தொன்ம மறுவாசிப்பு என்று மட்டும் கொள்வது போதாது. ஏற்பாட்டுத் திருமணத்தைப் பொருளாகக் கொண்ட மிகுபுனைவுக் காதல் புதினம் என்று கொண்டால்தான் அதன் வலிமையும் நெருடலும் ஒருசேரப் புலப்படும்.

பிரதிபா ராயின் ‘யாக்ஞசேனி’ (ஒடியா, 1984) இதற்கு முன்னோடி. ஐராவதி கார்வேயின் ‘யுகாந்தா’ (மராத்தி, 1967) கட்டுரை வடிவில் இதே பெண்ணை வேறொரு கோணத்தில் கண்டது. கார்வே தம் கற்பனையில் திரௌபதியின் இறுதி நேரத்து அன்பைப் பீமனுக்கு உரியதாக்கினார். திவாகருணி அதனைக் கர்ணனுக்கு உரியதாக்குகிறார். இந்த மாற்றத்தின் விளைவு சிறிதன்று. பீமன் கணவன், அவன்மீது காலம் கடந்து பிறக்கும் அன்பு, வாழ்ந்து அறிந்ததன் பயன். கர்ணனோ வாழ்ந்து அறியப்படாதவன். அவன்மீது கொண்ட காதல், கிடைக்காததன்மீது கொண்ட காதல்.

சுயம்வரம் என்னும் பெயர்

சொற்பொருளால் சுயம்வரம் என்பது தானே தெரிந்துகொள்ளுதல். தமயந்தியின் சுயம்வரம் அச்சொல்லுக்கு உண்மையானது. நளனின் வடிவெடுத்து நின்ற தேவர் நால்வருக்கிடையே நளனை அவள் கண்டறிகிறாள். புகழேந்தியின் நளவெண்பாவில் கண் இமைத்தல், அடி நிலத்தில் தோய்தல், மாலை வாடுதல் ஆகிய குறிகளைக் கொண்டு அவள் எண்ணியே அறிகிறாள். அங்கே வேட்கையும் அறிவும் தெரிவும் ஒரே செயலாகின்றன.

திரௌபதியின் சுயம்வரம் அவ்வகையன்று. அது வீரத்தை விலையாக வைத்த மணம்; வடநூலார் இதனை வீரியசுல்கம் என்பர். வில்லை வளைத்து இலக்கை வீழ்த்துபவனுக்கு என் தங்கை மனைவியாவாள் என்று அறிவிப்பவன் திட்டத்துய்மன். அருச்சுனனை மருமகனாக்கிக் கொள்ளும் விருப்பம் துருபதனுக்கு முன்பே இருந்தது. அதற்கேற்பவே வளைத்தற்கரிய வில்லை அவன் செய்வித்தான் என்று வியாச பாரதம் வெளிப்படையாகக் கூறுகிறது. பொது அரங்கில் போட்டி நடந்தாலும் தந்தை தம் மனத்தில் மணமகனைத் தெரிந்துவிட்டார். நம்மூர்ப் பெண் பார்க்கும் சடங்கில் ‘பெண்ணுக்குச் சம்மதமா’ என்று கேட்கப்படும் கேள்வியின் தன்மை இதற்கும் உண்டு.

இம்முரணைப் புதினத்தின் பாஞ்சாலி உணராமல் இல்லை. முடிவெடுப்பவர் தந்தையென்றால் இதற்குச் சுயம்வரம் என்று பெயர் எதற்கு என்று அவள் கேட்கிறாள். புதினத்தின் மிக நேர்மையான பகுதிகளுள் இது ஒன்று. துருபதனுக்கு இத்திருமணம் துரோணரைப் பழிவாங்கும் நெடுந்திட்டத்தின் ஒரு பகுதி. மகள் அத்திட்டத்தின் கருவி. இதனைப் புதினம் தெளிவாகக் காண்கிறது. ஆனால் இந்தத் தெளிவை அது கடைசிவரை காப்பாற்றவில்லை என்பதே என் கருத்து.

ஓவியமும் கேள்வியும்

சுயம்வரத்திற்கு முன் ஓவியர் ஒருவர் அரசர்களின் உருவங்களை எழுதிக் கொணர்கிறார். வருங்கால மணமகன்களின் படங்களைப் பெண்ணிடம் காட்டுதல் என்னும் இன்றைய வழக்கம் அரண்மனை உடையில் வந்து நிற்பது போன்ற காட்சி அது. அப்படங்களுள் கர்ணனின் படமும் உண்டு. அக்கண்களின் துயரம் பாஞ்சாலியின் நெஞ்சில் பதிந்துவிடுகிறது. கண்ணனும் தமையனும் அருச்சுனனையே அவளுக்குரியவனாக எண்ணியிருக்கின்றனர். கர்ணனோ வில்வித்தையில் அவனுக்கு நிகரானவன் என்பதால் தடுக்கப்பட வேண்டியவன். தடுக்கும் பொறுப்பு நாளடைவில் அவள்மேலேயே விழுகிறது.

மண்டபத்தில் கர்ணன் வில்லை நோக்கி வருகிறான். தமையன் குறுக்கிட்டு அவன் பிறப்பைக் காட்டி மறுக்கிறான். கர்ணன் சினந்து நிற்க, தமையனின் உயிருக்கே இடர் நேரும் நிலை. அப்போது பாஞ்சாலி முன்வந்து, தன்னை வெல்ல முயலும் முன் உன் தந்தையின் பெயரைச் சொல் என்கிறாள். கர்ணனிடம் விடை இல்லை. தலைகுனிந்து விலகுகிறான். பிறகு அந்தணக் கோலத்தில் வந்த அருச்சுனன் இலக்கை வீழ்த்துகிறான்.

இக்காட்சி மூலக்கதையில் எவ்வாறு உள்ளது என்பதை இங்கு நோக்க வேண்டும். வழக்கிலுள்ள வடமொழிப் பாடத்தில், சூதன் ஒருவனை வரிக்க மாட்டேன் என்று திரௌபதி உரக்கக் கூறுகிறாள். சில ஏட்டுப் பாடங்களில் கர்ணன் மயிரிழையில் தவறுகிறான். புனேவின் பண்டார்க்கர் நிறுவனத்திற்காக வி.எஸ். சுக்தங்கர் பதிப்பித்த ஆதிபருவச் செம்பதிப்பு, திரௌபதி மறுக்கும் பகுதியை மூலபாடத்தில் ஏற்கவில்லை. ஆகவே இம்மறுப்பு கதைமரபு பிற்காலத்தில் தேடிக்கொண்ட ஒன்று. சாதி இறுமாப்பு மிக்க சொல்தான் அது, ஐயமில்லை. எனினும் அந்த மண்டபத்தில் திரௌபதி தன் விருப்பத்தைத் தானே அறிவிக்கும் ஒரே சொல்லும் அதுவே. யாரைக் கொள்வது என்பதில் இடமில்லாதவளுக்கு யாரைத் தள்ளுவது என்பதில் மட்டும் ஓர் இடம் கிடைக்கிறது.

திவாகருணி இம்மறுப்பைக் கேள்வியாக மாற்றுகிறார். இறுமாப்பைக் குறைப்பது அவர் நோக்கமாக இருக்கலாம். விளைவு வேறு. மறுக்கும் விருப்பம் இப்போது பாஞ்சாலியுடையது அன்று. தமையனின் உயிரைக் காக்க நேர்ந்தது. கண்ணனின் அறிவுரை பின்னால் நின்றது. அவள் நெஞ்சமோ எதிர்த்திசையில் இழுத்தது. அவளிடம் எஞ்சியிருந்த ஒரே தெரிவும் மூவேறு காரணங்களால் அவள் கையைவிட்டுப் போகிறது. சாதியை முன்வைத்துக் கர்ணனை அவமதித்த பழி மட்டும் அவளிடமே தங்கிவிடுகிறது. ஒருவனைத் தள்ளியவள் என்னும் நிலையிலிருந்து, ஒருவனை இழந்தவள் என்னும் நிலைக்கு அவள் பெயர்க்கப்படுகிறாள். அரசியலாக இருந்தது காதல் துயரமாகிவிடுகிறது.

இதனை மேலும் இறுக்குவது புதினத்தின் மிகுபுனைவுக் கூறு. திருமணத்திற்கு முன்பே வியாசர் அவளை எச்சரித்திருக்கிறார்: மணத்திற்கு முன் உன் கேள்வியை அடக்கு, கணவர் உச்சத்தில் இருக்கும்போது உன் சிரிப்பை அடக்கு, அவமதிக்கப்படும்போது உன் சாபத்தை அடக்கு. மூன்றும் வாயினால் நிகழ்பவை. கேள்வி, சிரிப்பு, சாபம் ஆகிய மூன்றையும் அடக்கியிருந்தால் பேரழிவு தணிந்திருக்கலாம் என்பது அம்முன்னுரைப்பின் பொருள். பெண்ணைப் பேச வைப்பதற்கென்றே எழுதப்பட்ட புதினம், அவள் வாய்திறக்கும் மூன்று கணங்களையும் பிழையென்று கதையமைப்பின் அடித்தளத்திலேயே குறித்துவைக்கிறது. ஊழ் என்னும் காப்பியக் கருத்தை நம்பத்தகுந்ததாக்கும் உத்தி இது என்று ஆசிரியரின் சார்பில் வாதிடலாம். ஆனால் கேள்வி கேட்கச் செய்த சூழலைக் கட்டியவர்கள் ஆடவர். துருபதனுக்கோ திட்டத்துய்மனுக்கோ எச்சரிக்கை எதுவும் இத்தனை நுட்பமாக வழங்கப்படவில்லை.

தோழி இல்லாத தலைவி

சங்க அகத்திணை மரபில் இதே சிக்கல் முறையாக எதிர்கொள்ளப்பட்டுள்ளது. தலைவி தலைவன்மேல் உள்ளம் வைத்துவிட்டாள். அதை அறியாத பெற்றோர் வேறு ஒருவருக்கு அவளைக் கொடுக்க முனைகின்றனர். இதனை நொதுமலர் வரைவு என்பர். அந்நிலையில் தலைவியின் உள்ளம் தோழிக்கும், தோழி வழியே செவிலிக்கும், செவிலி வழியே நற்றாய்க்கும், அவள் வழியே தந்தை தன்னையர்க்கும் சென்றடைகிறது. இதுவே அறத்தொடு நிற்றல். தலைவியின் வேட்கை வீட்டின் முடிவாக மாறுவதற்கான வாயில்கள் இவை. ஏற்பாட்டுத் திருமணத்தை இம்மரபு ஒழிக்கவில்லை. அதற்குள் பெண்ணின் விருப்பம் நுழைவதற்கு ஒரு வழியை வகுத்தது.

வடநாட்டு அரண்மனைக் கதையைத் தமிழ்த் திணை இலக்கணத்தால் அளப்பது முறையா என்று கேட்கலாம். அளப்பதற்காக அன்று, எந்த வாயில் இல்லை என்பதைக் காண்பதற்கே இவ்வொப்பீடு பயன்படுகிறது. புதினத்தில் செவிலி இருக்கிறாள். தாய்மா என்று அழைக்கப்படும் அம்முதியவள் அன்பும் வசைமொழியும் கலந்த, புதினத்தின் மிக உயிருள்ள துணைப்பாத்திரம். தமையன் இருக்கிறான். தந்தை இருக்கிறார். தோழிதான் இல்லை. பாஞ்சாலிக்கு ஒத்த வயதுப் பெண்துணை எதுவும் கதையில் வேர்கொள்ளவில்லை. தோழியின் இடத்தில் கண்ணன் நிற்கிறான். அவனோ நடுநிலையானவன் அல்லன்; அருச்சுனனின் தோழன். தலைவியின் உள்ளத்தை எடுத்துரைக்க வேண்டிய இடத்தில் மற்றொரு வரனின் தூதுவன் அமர்ந்திருக்கிறான்.

இதனால்தான் பாஞ்சாலியின் காதல் தொடக்கம் முதல் இறுதிவரை மறைபொருளாகவே இருக்க நேர்கிறது. வாசகரிடம் மட்டும் அவள் அதனைச் சொல்கிறாள். தன்மைக் கூற்று என்னும் எடுத்துரைப்பு முறை, இல்லாத தோழியின் இடத்தை வாசகருக்கு அளிக்கிறது. புதினத்தின் ஈர்ப்புக்கு இதுவே பெருங்காரணம் என்று கருதுகிறேன். ஆயின் வாசகரால் யாருக்கும் அறத்தொடு நிற்க இயலாது.

மணத்திற்குப் பிந்தைய பகுதிகளில் புதினம் மீண்டும் கூர்மை பெறுகிறது. குந்தியின் ஒரு சொல்லால் ஐவருக்கு மனைவியானதும், ஆண்டுக்கு ஒருவராக முறை வகுக்கப்பட்டதும், ஒவ்வொரு முறையும் கன்னிமை மீளும் என்னும் வரமும் பாஞ்சாலியின் எள்ளலுக்கு உள்ளாகின்றன. அவ்வரம் தன்னைவிடத் தன் கணவர்க்கே பயன்படுவது என்பதை அவள் காண்கிறாள். கத்தரிக்காயைக் கொடுத்து மருமகளின் சமையலைச் சோதிக்கும் குந்தி, எந்த நாட்டு வாசகருக்கும் அறிமுகமான மாமியார். இவ்விடங்களில் ஏற்பாட்டுத் திருமணம் என்னும் அமைப்பே விசாரணைக்கு உள்ளாகிறது. கர்ணன் காட்சிக்குள் வரும்போதெல்லாம் அவ்விசாரணை நின்று, ஏக்கம் தொடங்குகிறது.

ஆறாம் இடம்

திரௌபதிக்கு ஐவர் போக ஆறாமவன் ஒருவன் என்னும் எண்ணம் திவாகருணியின் படைப்பன்று. அதன் வரலாறு நீண்டது. வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில் கண்ணன் கர்ணனைத் தனியே சந்தித்து அவன் பிறப்பை வெளிப்படுத்துகிறான். பாண்டவர் பக்கம் வந்தால் அரசுரிமை கிட்டும். ஆறாம் முறையில் திரௌபதியும் உன்னை அடைவாள் என்கிறான். கர்ணன் மறுத்துவிடுகிறான். இங்கே ஆறாம் இடம் என்பது ஆடவர் இருவர் நடத்தும் பேரத்தின் ஒரு விலைப்பொருள். திரௌபதி அங்கு இல்லை, கேட்கப்படவும் இல்லை.

இந்த ஆறாம் இடத்தைப் பெண்ணின் வாய்ச்சொல்லாக வைத்துப் பாடியவர் வில்லிபுத்தூரார். ஆரணிய பருவத்துப் பழம் பொருந்து சருக்கத்தில், திரௌபதி விரும்பியதற்காக அருச்சுனன் நெல்லிக்கனி ஒன்றை வீழ்த்துகிறான். அது முனிவர் ஒருவரின் உணவு என்பது பின்னரே தெரிகிறது. கனி மீண்டும் கொம்பில் பொருந்த வேண்டுமாயின் ஒவ்வொருவரும் தம் நெஞ்சிலுள்ள உண்மையைக் கூற வேண்டும். ஐவரும் கூறியபின் திரௌபதியும் கூறுகிறாள். ஐம்புலன்களைப் போல ஐவர் கணவராக இருந்தும், இன்னும் ஒருவன் கணவனாக வேண்டும் என்று என் நெஞ்சம் உருகுகிறது என்பது அவள் சொல்லின் சாரம். கனி கொம்பில் சேர்கிறது.

இப்பாடலை வியந்து மட்டும் பேசுவது ஆய்வாகாது. ஆடவர் இல்லாமையால் அன்றி மகளிரின் கற்பை நம்புவதற்கு இடமில்லை என்னும் பொதுக்கூற்றும் அவள் வாயிலேயே வைக்கப்படுகிறது. ஆணாதிக்க நீதிநூல்களின் பழகிய குரல் அது. ஆனால் அதே பாடலில், இதைச் சொன்னவளை வசிட்டன் மனைவியாகிய அருந்ததியை ஒத்தவள் என்று கவிஞர் அழைக்கிறார். வேட்கையை ஒப்புக்கொண்ட அதே மூச்சில் கற்பின் உச்ச உவமை. இதனை எள்ளல் என்று கொள்வாரும் உளர்; உண்மை கூறியதாலேயே அவள் கற்புடையவள் என்று கொள்வதே சருக்கத்தின் கதைத் தருக்கத்திற்குப் பொருந்தும். கனியைக் கொம்பில் சேர்த்தது அவ்வுண்மைதான். கணவர் சினந்ததாகவோ அவளைத் தண்டித்ததாகவோ கதை நீள்வதும் இல்லை.

வில்லியார் அந்த ஒருவனின் பெயரைச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிற்கால வழக்குகளில் அவ்வொருவன் கர்ணனாகிறான். நாவற்கனியை வைத்து மராத்தியில் பாடப்படும் ஜாம்புல் ஆக்யானம் அவனைப் பெயர்சுட்டியே சொல்கிறது. பெயர் வந்தவுடன் வேட்கை கதையாகிறது. முன்னும் பின்னும் பெறுகிறது. ஓர் ஆடவனின் வாழ்க்கைத் துயரத்தோடு பிணைகிறது. பெயரில்லாதபோதோ அது ஐவரிடமும் அடங்காத, எவரிடமும் சேராத அவளுடைய மிச்சம் என்றே நிற்கிறது. பெயரின்மை தற்செயலானது என்று சிலர் கூறக்கூடும். தற்செயலாகவே இருப்பினும், அது தரும் பொருள் வலியது.

திவாகருணி மரபின் பெயர்சுட்டும் கிளையைப் பின்பற்றுகிறார். பின்பற்றியதில் தவறில்லை, காதல் புதினத்திற்குக் காதலன் வேண்டும். ஆனால் வில்லியார் பாடலில் இருந்த ஒன்றை அவர் விட்டுவிடுகிறார்: கணவர் ஐவரும் கேட்க, பலர் நடுவே, சொல்லப்படும் உண்மை. புதினத்தின் பாஞ்சாலி தன் கணவர் முன் இதனை ஒருபோதும் சொல்வதில்லை. கர்ணனும் தன்னை விரும்பினான் என்பதைக்கூட, அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரிடம் அவன் பேசுவதை மறைந்து நின்று கேட்டே அறிகிறாள். கண்ணன் காட்டிய ஆசைகளுள் தன்னைக் கலங்கவைத்தது அவளே என்று அவன் முதியவரிடம் கூறுகிறான். தன்னைப் பற்றிய மிக முக்கியமான செய்தி, இம்முறையும் இரு ஆடவரின் உரையாடலில்தான் அவளுக்குக் கிட்டுகிறது. உத்தியோக பருவத்தின் பேரத்திலிருந்து இக்காட்சி உணர்ச்சியால் வேறுபட்டாலும் அமைப்பால் வேறுபடவில்லை.

இறுதிப் பயணம்

இமயத்து வழியில் முதலில் வீழ்பவள் பாஞ்சாலி. கணவர் திரும்பிப் பார்க்காமல் நடக்கின்றனர். கண்ணன் அருகே வருகிறான். உடலும் பெயரும் பாலும் உதிர்ந்து, எதற்குள்ளும் அடங்காத ஒன்றாக அவள் விரிவதைப் புதினம் அமைதியான நடையில் சொல்கிறது. மணம், குலம், கணவர், மாளிகை ஆகிய அனைத்தும் கட்டிய எல்லைகள் அங்கு கரைகின்றன. அப்பக்கங்கள் தனியே நிற்கத் தகுந்தவை. ஆனால் பால் கடந்த அவ்வெளியிலும் கர்ணன் காத்திருக்கிறான். அவள் கை நீட்டுகிறாள். அவன் கைப்பிடி வியக்கத்தக்க உறுதியோடு இருக்கிறது. ஒரு கையைக் கண்ணன் பற்றியிருக்க, மறு கை கர்ணனிடம். வாழ்நாளில் கிட்டாத பாணிக்கிரகணம் வானத்தில் நடந்தேறுகிறது.

காதல் புதினத்தின் வாசகர் இதனை எதிர்பார்த்திருந்தார். அவருக்கு அது நிறைவளிக்கவும் செய்யும். எனக்கு மனம் தங்குவது அதற்குச் சற்று முன்புள்ள பக்கத்தில்: பனியில் வீழ்ந்தவள், முன்னே செல்லும் ஐவரையும் அழைக்காமல் கிடக்கும் அச்சிறு பொழுதில்.